'போட் மெயில்' ரயிலில் போட் எங்கே? தனுஷ்கோடி என்ற ரயில் ஊரின் கதை

சென்னை எழும்பூரிலிருந்து திருச்சி, புதுக்கோட்டை, காரைக்குடி வழியாக ராமேஸ்வரம் போகும் இரவு ரயிலை இன்னமும் 'போட் மெயில்' என்றுதான் சொல்கிறார்கள். ஆனா கடைசி ஸ்டேஷனில் இறங்கினால் எந்தக் கப்பலும் காத்திருக்காது. அந்தப் பெயருக்குக் காரணமான கப்பல் நின்ற ஊர் தனுஷ்கோடி. இன்ஸ்டா ரீல்ஸில் இடிந்த சர்ச்சாக நாம் பார்க்கும் அதே ஊர்.

'புயல்ல அழிஞ்ச ஊர்' என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனா புயலில் அழிந்த எத்தனையோ ஊர்கள் திரும்ப எழுந்திருக்கின்றன. தனுஷ்கோடி ஏன் எழவில்லை?

ஊர் எப்படி உருவானது?

1914-க்கு முன்பு கொழும்புக்குப் போகணும்னா, தூத்துக்குடி வரை ரயிலில் போய், அங்கிருந்து கப்பல் பிடிக்க வேண்டும். கடல் பயணம் நீளம். இலங்கைக்கு மிக அருகில் இருக்கும் தமிழ்நாட்டு நிலம் தனுஷ்கோடி முனைதான். எனவே, ரயிலை அங்கே வரை கொண்டுபோக பிரிட்டிஷ் அரசு திட்டமிட்டது. கடலுக்குக் குறுக்கே இலங்கை வரை ரயில் பாலம் கட்டும் யோசனையும் இருந்தது. செலவு அதிகம் என்பதால் அது கைவிடப்பட்டது.

1914-ல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அதே ஆண்டு தனுஷ்கோடி - தலைமன்னார் கப்பல் சேவையும் தொடங்கியது. திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்திய ரயில்வே இந்தப் பாதையை நடத்தியது. எழும்பூரில் எடுத்த ஒரே டிக்கெட்டில் ரயில், கப்பல், மறுபடி ரயில் என்று கொழும்பு வரை போகலாம். கடல் வழி சுமார் 35 கிலோமீட்டர்தான்.

பாம்பனில் பாதை இரண்டாகப் பிரிந்தது. ஒன்று ராமேஸ்வரத்துக்கு, சுமார் 10 கி.மீ. இன்னொன்று தனுஷ்கோடிக்கு, சுமார் 24 கி.மீ. கொழும்புப் பயணிகள் போனது இரண்டாவது பாதையில்.

யாருக்காக வாழ்ந்தது?

வியாபாரிகள், யாத்ரீகர்கள், தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தமிழ்த் தொழிலாளர்கள்... இவர்கள் எல்லோரும் கடந்துபோன வாசல் இது. ரயில் நிலையம், சுங்க அலுவலகம், போஸ்ட் ஆபீஸ், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாம் வந்தன. மீன்பிடித்தல் ஏற்கெனவே இருந்த தொழில். மற்றதெல்லாம் ரயிலையும் கப்பலையும் நம்பி வந்தவை. ஊரின் பலம் அதுதான், பலவீனமும் அதுதான்.

அந்த ராத்திரி

1964 டிசம்பர் 22 நள்ளிரவு. மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் காற்று. பாம்பனிலிருந்து கிளம்பிய 653-ம் எண் பாசஞ்சர் ரயில், தனுஷ்கோடியை நெருங்கும்போது ராட்சத அலையில் மூழ்கியது. அதில் இருந்த 100-க்கும் மேற்பட்டவர்களில் யாரும் பிழைக்கவில்லை. டிக்கெட் இல்லாமல் ஏறியவர்களையும் சேர்த்தால் 200 பேர் வரை இருக்கலாம் என்ற மதிப்பீடும் உண்டு. விடிந்தபோது ஊரும் இல்லை, தண்டவாளமும் இல்லை.

பாலம் எழுந்தது, ஊர் எழலை... ஏன்?

இங்கேதான் கதையின் முக்கியமான இடம். அதே புயலில் பாம்பன் பாலமும் சிதைந்தது. பெரும்பாலான கர்டர்கள் கடலில் விழுந்தன. பின்னாளில் 'மெட்ரோ மேன்' என்று பெயரெடுத்த இ.ஸ்ரீதரன் தலைமையிலான குழு, 46 நாள்களில் பாலத்தைச் சரிசெய்தது.

ஆனா, தனுஷ்கோடிக்கான பாதை மறுபடி போடப்படவில்லை. 'மனிதர்கள் வாழத் தகுதியற்ற இடம்' என்று அரசு அறிவித்தது. கப்பல் ராமேஸ்வரத்திலிருந்து கிளம்பத் தொடங்கியது. பயணிகளுக்குப் பாதை கிடைத்துவிட்டது, தனுஷ்கோடியின் தேவை முடிந்தது. ஊரை அடித்தது புயல். அது திரும்பி எழாமல் போனதற்கு, பாதை இடம் மாறியதும் ஒரு பெரிய காரணம்.

இதில் ஒரு முரணும் இருக்கிறது. புயலுக்கு இரண்டு மாதம் முன்புதான், 1964 அக்டோபர் 30-ல், சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 5.25 லட்சம் மலையகத் தமிழர்களை இந்தியா ஏற்க ஒப்புக்கொண்டது. தாயகம் திரும்பிய அவர்களில் பலர் கப்பலில் வந்து இறங்கியது ராமேஸ்வரத்தில். தாத்தா, பாட்டி போன வாசல் அப்போது இல்லை.

அக்கரையில்?

தலைமன்னாருக்கும் இதே விதி. 1980-களில் உள்நாட்டுப் போரால் கப்பல் நின்றது. 1990-ல் ரயிலும் நின்றது. ஆனா அங்கே ரயில் பாதை மீண்டும் போடப்பட்டு, 2015 மார்ச்சில் சேவை தொடங்கியது. கப்பல் மட்டும் வரவில்லை. 2023 அக்டோபரில் தொடங்கிய புதிய கப்பல் சேவை, நாகப்பட்டினம் - காங்கேசன்துறை இடையேதான். வழி மறுபடியும் மாறிவிட்டது.

மீண்டும் ரயில் வருமா?

2019-ல் ராமேஸ்வரம் - தனுஷ்கோடி இடையே சுமார் 17 கி.மீ. பாதைக்குப் பிரதமர் மோடி அடிக்கல் நாட்டினார். சுற்றுச்சூழல் பாதிப்பைச் சொல்லி தமிழ்நாடு அரசு ஆதரிக்காததால், திட்டம் நகரவில்லை. 2017-ல் அரிச்சல்முனை வரை ரோடு வந்துவிட்டது. அதில் சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள், இருட்டுவதற்குள் திரும்பிவிடுகிறார்கள்.

ஆனா, 'வாழத் தகுதியற்ற' அந்த மணலில் மீனவக் குடும்பங்கள் இன்றும் வாழ்கின்றன. மின்சாரம், குடிநீர், மேல்படிப்பு என அடிப்படை வசதிகளுக்காக அவர்கள் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. வரைபடத்தில் ஓர் ஊர் 'முடிந்துபோனது' என்று எழுதிவிட்டால், அங்கே மிச்சமிருப்பவர்கள் யார் கண்ணிலும் படுவதில்லை. அடுத்த முறை தனுஷ்கோடி போனால், இடிந்த சர்ச்சோடு பக்கத்தில் இருக்கும் குடிசைகளையும் கவனியுங்கள். ரயிலை நம்பாமல் கடலை நம்பியவர்கள்தான் அங்கே மிஞ்சியிருக்கிறார்கள்.