பார்டர் கோலி: புறநகர் வீட்டில் ஒரு மேய்ப்பு நாய்

பார்டர் கோலி, இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் சந்திக்கும் எல்லைப்புற மலைகளில் செம்மறி ஆடு மேய்ப்பதற்காக உருவான நாய் இனம். நடுத்தர உருவம் கொண்டது. 14 முதல் 20 கிலோ வரை எடை இருக்கும். பெரும்பாலும் கறுப்பும் வெள்ளையும் கலந்த மயிர், 12 முதல் 15 ஆண்டு வரை ஆயுள். உலகின் மிக அறிவுள்ள நாய் என்று பெயர் பெற்றது. அந்தப் பெயருக்காகவும் அழகுக்காகவும் பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளின் புறநகர்க் குடும்பங்கள் இதை வாங்குகின்றன. அவற்றுள் சில குடும்பங்கள் குட்டி வளர்ந்து ஓரிரு ஆண்டு ஆவதற்குள் அதை வைத்துக்கொள்ள முடியாமல் மீட்பு இல்லங்களை நாடுகின்றன.

இந்த நாய் புறநகர் வாழ்க்கைக்கு ஏற்றதா என்று கேட்டால், “தோட்டம் பெரிதாக இருந்தால் ஏற்றது” என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை. அது வாங்குபவரைத் தவறான இடத்தில் கவலைப்பட வைக்கிறது. தோட்டத்தின் அளவைவிட, நாய் எதை ‘மேய்க்க’ப் போகிறது, பகலில் அதனுடன் யார் இருக்கப் போகிறார்கள் என்ற இரண்டுமே முதலில் பார்க்க வேண்டியவை.

காவல் நாயும் மேய்ப்பு நாயும்

மந்தையோடு திரியும் நாய்களில் இரு வகை உண்டு. காவல் நாய் மந்தையைத் தன் கூட்டமாகக் கருதி அதனோடு படுத்திருக்கும். நரியோ திருடரோ வந்தால் குரைத்து விரட்டும். தமிழ்நாட்டில் கிடை போடும் கீதாரிகளுடன் செல்லும் நாய்கள் பெரும்பாலும் இவ்வகையைச் சேர்ந்தவை. ஆட்டைத் திருப்புவதும் ஓட்டுவதும் மேய்ப்பவரின் குரலுக்கும் கோலுக்கும் உரிய வேலை. நாய் அதில் தலையிடுவதில்லை.

மேய்ப்பு நாயின் வேலை இதற்கு நேர்மாறானது. மேய்ப்பவர் பள்ளத்தாக்கில் நிற்க, நாய் மலைச்சரிவில் அரைவட்டமாக ஓடி ஆடுகளுக்குப் பின்னால் சென்று, அவற்றைத் திரட்டி அவரிடம் கொண்டுவரும். வலஞ்சுழியாகப் போ, இடஞ்சுழியாகப் போ, படு, மெல்ல நட என ஒவ்வொரு கட்டளைக்கும் தனித்தனிச் சீழ்க்கை ஒலி உண்டு. குரல் எட்டாத தொலைவிலும் நாய் அதைக் கேட்டுத் திரும்பும். மனிதரின் சிறு சைகையைக்கூடக் கவனித்துக்கொண்டே இருப்பதும், அசையும் எதையும் கட்டுப்படுத்த முனைவதும் இதன் தொழில் திறமைகள். வீட்டுக்குள் வந்த பிறகும் இந்த இரண்டும் தூங்குவதில்லை.

இனம் உருவான விதம்

பிரிட்டனில் பதிவான முதல் மேய்ப்பு நாய்ப் போட்டி 1873 அக்டோபரில் வேல்ஸ் நாட்டின் பாலா என்ற ஊரில் நடந்தது. இருபது ஆண்டுகளுக்குப் பின், 1893 இல், நார்தம்பர்லாந்தில் ஆடம் டெல்ஃபர் என்ற விவசாயியிடம் ‘ஓல்ட் ஹெம்ப்’ என்று பின்னாளில் அறியப்பட்ட ஆண் நாய் பிறந்தது. அதன் தந்தை ராய் இணக்கமான குணமும் அளவான வேலைத்திறனும் கொண்டது. தாய் மெக் கூச்ச சுபாவம் கொண்டது. ஆனால் ஆடுகளை உற்று நோக்கியே நிறுத்தும் ஆற்றல் மிகுந்தது. குட்டி இரண்டின் நடுவாக அமைந்தது: குரைக்காமல், கடிக்காமல், பார்வையாலும் பதுங்கி நகர்வதாலும் மந்தையை நகர்த்தியது. அந்தப் பாணியை விரும்பிய மேய்ப்பர்கள் அதனோடு தங்கள் பெண் நாய்களை இணை சேர்க்க முன்வந்தனர். 1901 இல் அது இறப்பதற்குள் நூற்றுக்கணக்கான குட்டிகளுக்குத் தந்தையாகிவிட்டது. இன்றைய பார்டர் கோலிகளின் வம்சவழி ஏறக்குறைய எல்லாமே அதனிடம் சென்று சேர்கிறது.

பன்னாட்டு மேய்ப்பு நாய்ச் சங்கம் 1906 இல் தொடங்கப்பட்டது. ‘பார்டர் கோலி’ என்ற பெயரை அதன் செயலாளர் ஜேம்ஸ் ரீட் 1915 இல் வழங்கினார். நீண்ட காலம் இந்த இனத்துக்கு உருவ இலக்கணம் என்று எதுவும் இருக்கவில்லை. காது நிமிர்ந்திருந்தாலும் மடிந்திருந்தாலும், வேலை செய்தால் அது நல்ல நாய். பிரிட்டனின் கென்னல் கிளப் 1976 இலும், அமெரிக்கன் கென்னல் கிளப் 1995 இலும் இதற்கு முழு அங்கீகாரம் அளித்தன. அழகுப் போட்டிக்காக வளர்த்தால் வேலைத்திறன் அழியும் என்று அமெரிக்க மேய்ப்பு நாய் வளர்ப்பாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அதன் பிறகு இனம் நடைமுறையில் இரு கிளைகளாக வளர்ந்து வருகிறது. கண்காட்சிக் கிளை நாய்கள் பொதுவாகச் சற்று நிதானமானவை. பண்ணைக் கிளை நாய்கள் அப்படியல்ல. வாங்க வருபவரின் கண்ணுக்கு இரண்டு குட்டிகளும் ஒரே போலத்தான் இருக்கும்.

‘கண்’

ஓநாய் வேட்டையாடும்போது இரையைக் காண்பது, உற்று நோக்குவது, பதுங்கி நெருங்குவது, துரத்துவது, கவ்வுவது, கொல்வது என்று ஒன்றன்பின் ஒன்றாகச் செயல்கள் நிகழ்கின்றன. மேய்ப்பு நாய் வளர்ப்பு இந்தச் சங்கிலியின் முன்பாதியைப் பெரிதாக்கி, பின்பாதியை அடக்கியது என்று அமெரிக்க உயிரியலாளர் ரேமண்ட் காப்பிங்கர் விளக்கினார். பார்டர் கோலி தலையைத் தாழ்த்தி, உடலைத் தரையோடு ஒட்டி, இமைக்காமல் பார்ப்பதை மேய்ப்பர்கள் ‘கண்’ என்றே சொல்கின்றனர். குட்டிகள் சில வாரங்களிலேயே ஒன்றையொன்று இப்படிப் பார்க்கத் தொடங்கிவிடும். யாரும் கற்றுத்தருவதில்லை. பயிற்சியாளர் செய்வதெல்லாம் அதற்கு ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் கொடுப்பதுதான்.

பசி தீர்ந்ததும் நிற்கும் செயலல்ல இது. பார்ப்பதும் துரத்துவதுமே நாய்க்குப் பரிசாக இருப்பதால், தின்பண்டம் காட்டி அதைத் திசைதிருப்புவது கடினம்.

ஆடு இல்லாத தெருவில்

புறநகர்த் தெருவில் ஆடுகள் இல்லை. மிதிவண்டியும், காரும், ஓட்டப்பயிற்சி செய்பவரும், பந்து விளையாடும் பிள்ளைகளும் உண்டு. எல்லாம் அசைகின்றன, எதுவும் நாய் சொல்கிறபடி நடப்பதில்லை. கார் சக்கரத்தை நோக்கிப் பாயும் பழக்கம் பார்டர் கோலிகளிடம் அடிக்கடி காணப்படுவதும், அதில் நாய்கள் உயிரிழப்பதும் இதனால்தான். நாயின் கணக்கில் கார் ஒவ்வொரு முறையும் தப்பி ஓடுகிறது. அதாவது துரத்தல் ஒவ்வொரு முறையும் ‘வெற்றி’ பெறுகிறது. பழக்கம் இறுகிப்போகிறது.

குழந்தைகள் உள்ள வீட்டில் இதே செயல் வேறு வடிவம் எடுக்கிறது. பிள்ளைகள் கூச்சலிட்டு ஓடும்போது நாய் சுற்றிவளைத்து மறிக்கும். நிற்காத பிள்ளையின் குதிகாலையோ உடையையோ கவ்வும். அதில் பகை எதுவும் இல்லை. ஆனால் நான்கு வயதுப் பிள்ளைக்கும் அதன் பெற்றோருக்கும் அது கடிதான். பிறந்தநாள் விழாவில் பத்துப் பிள்ளைகளுக்கு நடுவே பயிற்சியற்ற இளம் நாயை விடுவது, நாய்க்கும் நியாயமில்லை, பிள்ளைகளுக்கும் நியாயமில்லை.

மேய்க்க எதுவும் கிடைக்காத நாய் சில வேளை நிழலை மேய்க்கத் தொடங்கும். சுவரில் விழும் வெளிச்சத்தை மணிக்கணக்கில் உற்று நோக்குவது, குழாயிலிருந்து பாயும் நீரைத் துரத்துவது, தொலைக்காட்சித் திரையில் பாய்வது ஆகியவை இந்த இனத்தில் நன்கு அறியப்பட்டவை. முதலில் வேடிக்கையாகத் தோன்றும். முற்றிவிட்டால் கால்நடை மருத்துவரின் துணையின்றி மாற்ற இயலாது. லேசர் விளக்கொளியைத் தரையில் ஓட்டி நாயை விளையாட வைப்பவர்கள் இந்தக் கோளாறுக்குத் தாங்களே விதை போடுகின்றனர். பட்டாசு, இடி போன்ற ஓசைகளுக்கு அஞ்சுவதும் இவ்வினத்தில் மிகுதி. தொலைவில் ஒலிக்கும் சீழ்க்கையைப் பிரித்தறியும் காதுக்கு அது ஒரு விலை போலும்.

பிரிட்டனில் இதற்கு ஒரு சட்டப் பக்கமும் இருக்கிறது. வார இறுதியில் வயல்வெளிக்கு அழைத்துச் செல்லப்படும் வீட்டுக் கோலி, முதன்முறையாக உண்மையான ஆடுகளைக் கண்டு பாயலாம். பயிற்சி இல்லாத மேய்ப்பு, ஆட்டுக்கு வெறும் துரத்தல்தான். சினை ஆடுகள் அதில் கரு கலைந்துபோவதுண்டு. 1953 ஆம் ஆண்டின் கால்நடைப் பாதுகாப்புச் சட்டப்படி அது நாயின் உரிமையாளர் செய்த குற்றமாகும். தன் மந்தையைக் காக்க வேறு வழியின்றி நாயைச் சுட்ட விவசாயிக்கு, உரிய நிபந்தனைகளுடன், 1971 ஆம் ஆண்டின் விலங்குகள் சட்டம் பாதுகாப்பும் அளிக்கிறது.

எவ்வளவு ஓட வைப்பது?

“நாயைக் களைப்படையச் செய்தால் போதும்” என்பதே அதிகம் கேட்கப்படும் ஆலோசனை. ஒரு மணி நேரம் பந்து எறிந்தால் நாய் அன்று களைத்துப் படுக்கும். ஒரு மாதம் தினமும் எறிந்தால், ஒரு மணி நேரத்துக்குக் களைக்காத விளையாட்டு வீரன் ஒன்று வீட்டில் இருக்கும். போதாததற்கு, பந்தெறிதல் துரத்தலை மட்டும் திரும்பத் திரும்பத் தூண்டுகிறது. கட்டளைக்குக் காத்திருப்பது, நிறுத்துவது, யோசிப்பது எதுவும் அதில் இல்லை.

பண்ணை நாயின் நாள் முழுவதும் ஓட்டமாகக் கழிவதாக எண்ணுவதும் சரியன்று. ஆடு சேர்க்கும் நாளில் அது மலையேறி இறங்கி வெகுதூரம் ஓடும். மற்ற நாட்களில் சிறிது நேர வேலை. மீதி நேரம் கொட்டிலிலோ வண்டியின் பின்புறத்திலோ படுத்திருக்கும். வேலை முடிந்தது என்பதற்கு மேய்ப்பரிடம் ஒரு சொல் உண்டு. “போதும்” என்று பொருள்படும் அந்தக் கட்டளையைக் கேட்டதும் நாய் ஆட்டை விட்டுவிட்டு அவரிடம் திரும்பிவிடும். புறநகர் வீட்டில் பெரும்பாலும் கற்பிக்கப்படாமல் போவது இந்தக் கட்டளைதான். குட்டிப் பருவத்திலேயே பாயில் அமைதியாகப் படுத்திருப்பதற்குப் பாராட்டும் பரிசும் கொடுத்துப் பழக்கினால், வளர்ந்த நாய் மாலையில் குடும்பத்தோடு சும்மா இருக்கக் கற்றுக்கொள்ளும்.

வெயிலில் இடைவிடாது ஓடவைப்பதில் உடல் ஆபத்தும் உள்ளது. கடும் ஓட்டத்தில் சில நிமிடங்களிலேயே தள்ளாடி, திசை தெரியாமல் விழும் ‘பார்டர் கோலி சரிவு’ என்ற கோளாறு சில நாய்களுக்கு உண்டு. ஓய்வு கொடுத்தால் பொதுவாகத் தெளிந்துவிடும். ஆனால் அந்த நாய் தானாக நிறுத்திக்கொள்ளாது. நிறுத்துவது உரிமையாளரின் பொறுப்பு.

அறிவு என்ற புகழ்

உளவியலாளர் ஸ்டான்லி கோரன் 1994 இல் வெளியிட்ட நூலில் பார்டர் கோலிக்கு முதலிடம் கொடுத்தார். அந்தத் தரவரிசை, கீழ்ப்படிதல் போட்டி நடுவர்களின் கருத்தைத் தொகுத்தது. எவ்வளவு விரைவில் கட்டளையைக் கற்கிறது என்பதே அதில் அளக்கப்பட்டது. எவ்வளவு எளிதில் வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்பது அல்ல. விரைந்து கற்கும் நாய் வேண்டாததையும் விரைந்தே கற்கும்: கதவின் தாழ்ப்பாள், குப்பைத்தொட்டியின் மூடி, எந்தச் சத்தம் போட்டால் யார் எழுந்து வருவார்கள் என்பது வரை.

தென் கரோலினாவில் வாழ்ந்த சேசர் என்ற பார்டர் கோலி 1,022 பொம்மைகளின் பெயரை அறிந்திருந்ததாக 2011 இல் ஆய்வுக் கட்டுரை வெளியானது. செய்திகளில் பரவியது அந்த எண் மட்டும். அதன் உரிமையாளர் ஜான் பில்லி பணி ஓய்வு பெற்ற உளவியல் பேராசிரியர் என்பதும், மூன்று ஆண்டுகள் நாள்தோறும் நான்கைந்து மணி நேரம் அதனுடன் செலவிட்டார் என்பதும் அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. சேசர் வளர்ந்தது பண்ணையில் அன்று, ஒரு வீட்டில்தான் என்பதும் குறிப்பிடத்தக்கது.

இனத்தை வைத்து ஒரு தனி நாயை முழுமையாகக் கணிக்கவும் முடியாது. 18,000க்கு மேற்பட்ட நாய்களின் உரிமையாளர்களிடம் தகவல் பெற்று ‘சயின்ஸ்’ இதழில் 2022 இல் வெளியான ஆய்வு, தனி நாய்களுக்கிடையிலான நடத்தை வேறுபாட்டில் சுமார் 9 விழுக்காட்டை மட்டுமே இனம் விளக்குகிறது என்று கண்டது. அதே ஆய்வில் மனிதரின் கட்டளைக்கு இசையும் பண்பு மற்றவற்றைவிட இனத்தோடு அதிகம் தொடர்புற்றிருந்தது. சோபாவில் நாள் முழுதும் உறங்கும் பார்டர் கோலியும் எங்கோ இருக்கிறது. குட்டியை வாங்கும்போது அதை நம்பி வாங்க முடியாது என்பதுதான் சிக்கல்.

எந்த வீட்டில் பொருந்தும்

பெற்றோர் இருவரும் காலையில் வேலைக்குச் சென்று மாலையில் திரும்ப, பிள்ளைகள் பள்ளியில் இருக்க, எட்டு மணி நேரம் தனியே விடப்படும் வீட்டுக்குப் பார்டர் கோலிக் குட்டி ஏற்றதல்ல. பின்புறம் அரை ஏக்கர் தோட்டம் இருந்தாலும் நிலைமை மாறாது. தனியாக விடப்பட்ட நாய் தோட்டத்தில் வேலி ஓரமாக ஓடி, தெருவில் போவோரைப் பார்த்துக் குரைக்கக் கற்றுக்கொள்ளும். மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தை உள்ள வீட்டிலும், குட்டி நாயும் கைக்குழந்தையும் ஒரே நேரத்தில் கேட்கும் கவனத்தை எல்லோராலும் கொடுக்க முடிவதில்லை.

வீட்டிலிருந்து வேலை செய்பவரோ, நாய்ப் பயிற்சியைப் பொழுதுபோக்காகக் கொள்ளும் பதின்வயதுப் பிள்ளையோ இருக்கும் வீட்டில், சிறு தோட்டம் இருந்தாலே இது நன்றாக வாழ்கிறது. ஆடு இல்லாமலும் வேலை கொடுக்க வழிகள் உண்டு. 1978 இல் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில் இடைவேளைக் காட்சியாகத் தொடங்கிய தடை தாண்டும் விளையாட்டில் இன்று முன்னணியில் இருப்பவை பெரும்பாலும் பார்டர் கோலிகளே. பெரிய பந்துகளை மூக்கால் தள்ளிக் கூட்டுக்குள் சேர்க்கும் ஜெர்மானிய விளையாட்டு, மேய்ப்பை அப்படியே ஒத்தது. ஒளித்து வைத்த பொருளை மோப்பத்தால் தேடுவதற்குக் கூடம் ஒன்றே போதும்; கால் மணி நேரத் தேடல், நீண்ட நடையைப் போலவே நாயை அமைதிப்படுத்தும்.

குட்டிக்குப் பதிலாக, மீட்பு இல்லத்தில் உள்ள மூன்று நான்கு வயது நாயைத் தேர்ந்தெடுப்பது பல குடும்பங்களுக்குப் பாதுகாப்பான வழி. அந்த வயதில் அதன் குணம் வெளிப்பட்டிருக்கும். கார், பிள்ளை, பூனை ஆகியவற்றிடம் எப்படி நடந்துகொள்கிறது என்பதை நேரில் பார்த்து முடிவு செய்யலாம். குட்டியே வேண்டும் என்பவர்கள் அதன் தாயையும், முடிந்தால் தந்தையையும், வீட்டுச் சூழலில் பார்ப்பது நல்லது. கோலி கண் கோளாறு, இரத்த வெள்ளணுக்களைப் பாதிக்கும் டிஎன்எஸ் நோய் ஆகியவற்றுக்கு மரபணுச் சோதனைகள் உள்ளன. இடுப்பு மூட்டு எக்ஸ்ரே சான்றையும் சேர்த்துப் பெற்றோர் நாய்கள் இரண்டுக்கும் கேட்டுப் பெற வேண்டும்.