கீழாநெல்லியும் கல்லீரல் அழற்சி-பி தீநுண்மியும்: தாவர வேதிப்பொருள்களின் தீநுண்மி எதிர்ப்புத் திறனை மதிப்பிடும் முறை

ஆய்வுச் சுருக்கம்

தாவரங்களிலிருந்து பெறப்படும் வேதிப்பொருள்கள் தீநுண்மிகளுக்கு எதிராகச் செயற்படக்கூடும் என்னும் கருத்து பல ஆய்வுகளுக்கு அடிப்படையாக அமைந்துள்ளது. ஆயினும், ஆய்வுக்கூடத்தில் காணப்படும் எதிர்ப்புத் திறன் நோயாளியின் உடலில் மருந்தாக நிலைபெறுவது அரிதாகவே நிகழ்கின்றது. கல்லீரல் அழற்சி-பி தீநுண்மிக்கு எதிராகக் கீழாநெல்லியை முன்வைத்து நிகழ்ந்த ஆய்வுகளைச் சான்றாகக் கொண்டு, இவ்விடைவெளி எங்ஙனம் தோன்றுகின்றது என்பதை இக்கட்டுரை விளக்குகின்றது.

திறவுச் சொற்கள்: கீழாநெல்லி, கல்லீரல் அழற்சி-பி, தாவர வேதிப்பொருள்கள், தீநுண்மி எதிர்ப்பு, மருந்துப்போலி, தாவரப் பெயரீடு.

முன்னுரை

இலைக்காம்பின் கீழ்ப்புறத்தில் நெல்லி போன்ற சிறு காய்களை வரிசையாகத் தாங்கும் செடி கீழாநெல்லி. கீழ்க்காய்நெல்லி என்னும் மற்றொரு பெயரும் இவ்வமைப்பையே சுட்டுகின்றது. மஞ்சட்காமாலைக்கு இதனை அரைத்து மோரில் கலந்து கொடுக்கும் வழக்கம் தமிழகத்தில் இன்றும் உள்ளது. இவ்வழக்கம் நவீன ஆய்வின் கவனத்தைப் பெற்றதற்குக் காரணம், மஞ்சட்காமாலையை உண்டாக்கும் தீநுண்மிகளுள் ஒன்றான கல்லீரல் அழற்சி-பி தீநுண்மி உலகளாவிய பெருஞ்சிக்கலாக இருப்பதேயாகும். உலக நலவாழ்வு அமைப்பின் மதிப்பீட்டின்படி, 2022ஆம் ஆண்டில் ஏறத்தாழ 25.4 கோடி மக்கள் இத்தீநுண்மியை நாட்பட்ட நிலையில் தம் உடலில் கொண்டிருந்தனர். அவ்வாண்டில் ஏறத்தாழ 11 இலட்சம் பேர் இதனால் உயிரிழந்தனர்.

மஞ்சட்காமாலையும் தீநுண்மியும்

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக்கொள்ளுதல் வேண்டும். மஞ்சட்காமாலை என்பது ஓர் அறிகுறி, தனித்ததொரு நோயன்று. பித்த நிறமியாகிய பிலிருபின் குருதியில் மிகும்பொழுது கண்ணும் தோலும் மஞ்சள் நிறம் பெறுகின்றன. கல்லீரல் அழற்சி-ஏ, பி, ஈ ஆகிய தீநுண்மிகள், பித்தநாள அடைப்பு, மது, சில மருந்துகள் எனப் பல காரணங்களால் இந்நிலை தோன்றலாம்.

இவற்றுள் கல்லீரல் அழற்சி-ஏ நாட்பட்ட நோயாக மாறுவதில்லை. கல்லீரல் அழற்சி-பி தொற்றைப் பெறும் உடல்நலமிக்க பெரியவர்களுள் 95 விழுக்காட்டினர்க்கு மேற்பட்டோர் எவ்வகை மருந்துமின்றியே தீநுண்மியிலிருந்து விடுபடுகின்றனர். ஆகவே, ஒருவர் கீழாநெல்லி உண்டபின் மஞ்சள் நிறம் மறைந்தது என்பது உண்மையான பட்டறிவே. எனினும் மறைந்ததற்குக் காரணம் கீழாநெல்லி என்பதற்கு அது மட்டும் சான்றாகாது. பிறப்பின்போதோ குழந்தைப் பருவத்திலோ தொற்றைப் பெற்றவர்களிடம் நிலைமை வேறு. பிறந்த குழந்தைகளுள் ஏறத்தாழ 90 விழுக்காட்டினரிடம் தொற்று நாட்பட்டதாகின்றது. மருந்தின் உண்மைத் திறன் சோதிக்கப்பட வேண்டிய இடம் இதுவே.

சென்னை ஆய்வு

1976ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றவரும், கல்லீரல் அழற்சி-பி தீநுண்மியின் மேற்பரப்பு ஆன்டிஜெனைக் கண்டறிந்தவருமான பரூக் பிளம்பர்க், அமெரிக்காவின் பிலடெல்பியாவில் தம் குழுவினருடன் கீழாநெல்லிச் சாற்றை ஆராய்ந்தார். 1987இல் வெளிவந்த அவ்வாய்வு, இச்சாறு தீநுண்மியின் டி.என்.ஏ. ஆக்க நொதியைத் தடுப்பதையும், வுட்சக் எனப்படும் வட அமெரிக்கக் கொறிவிலங்கில் காணப்படும் ஒத்த தீநுண்மியைப் பாதிப்பதையும் எடுத்துரைத்தது.

அடுத்த ஆண்டில், சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த எஸ். பி. தியாகராஜன் தலைமையிலான குழு, பிளம்பர்க்குடன் இணைந்து நிகழ்த்திய ஆய்வு லான்செட் இதழில் வெளியாயிற்று. தீநுண்மியை நாட்பட்ட நிலையில் கொண்டிருந்தவர்களுக்கு 30 நாள்கள் கீழாநெல்லி கொடுக்கப்பட்டது. சிகிச்சை முடிந்து 15 முதல் 20 நாள்களுக்குள் சோதித்தபோது, கீழாநெல்லி பெற்ற 37 பேருள் 22 பேரிடம், அதாவது 59 விழுக்காட்டினரிடம், மேற்பரப்பு ஆன்டிஜென் மறைந்திருந்தது. மருந்துப்போலி பெற்ற 23 பேருள் ஒருவரிடம் மட்டுமே அது மறைந்திருந்தது.

இவ்வெண்ணின் பெருமையை ஓர் ஒப்பீட்டால் உணரலாம். இன்று வழக்கிலுள்ள டெனோபோவிர் முதலிய மருந்துகள் தீநுண்மியின் பெருக்கத்தை வலுவாக அடக்குகின்றன. எனினும் மேற்பரப்பு ஆன்டிஜென் முற்றிலும் மறைவது மிகச் சிலரிடமே நிகழ்கின்றது. தீநுண்மியின் டி.என்.ஏ. மூடிய வளைய வடிவில் கல்லீரல் உயிரணுவின் உட்கருவில் தங்கிவிடுவதே இதற்குக் காரணம். ஒரு மாதச் சிகிச்சையில் 59 விழுக்காடு என்பது, உண்மையாயின், மருத்துவ வரலாற்றில் இடம்பெறத் தக்க வெற்றியாகும். ஆய்வாளர்களோ தம் பணியைத் தொடக்கநிலை ஆய்வு என்றே குறிப்பிட்டிருந்தனர்.

மீளாய்வுகளின் முடிவு

1990இல் தாய்லாந்து ஆய்வாளர்கள் அதே லான்செட் இதழில் தம் முடிவை வெளியிட்டனர்: அறிகுறியற்ற தொற்றாளர்களிடம் கீழாநெல்லி மேற்பரப்பு ஆன்டிஜெனை நீக்கவில்லை. நெதர்லாந்திலும் நியூசிலாந்திலும் நிகழ்ந்த ஆய்வுகளும் சென்னை முடிவை உறுதிப்படுத்தவில்லை. 2011இல் வெளிவந்த காக்ரேன் முறைசார் மதிப்பாய்வு இத்தாவரப் பேரினம் குறித்த 16 மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்தது. அவற்றுள் மருந்துப்போலியுடன் ஒப்பிட்டது ஒன்று மட்டுமே. அதிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. பிற தீநுண்மி எதிர்ப்பு மருந்துகளுடன் சேர்த்துக் கொடுத்த ஆய்வுகளில் சில நற்பயன்கள் தென்பட்டாலும், அவற்றின் ஆய்வுமுறை நம்பகத்தன்மை குறைந்தது என மதிப்பாய்வாளர்கள் கருதினர்.

இதனால் கீழாநெல்லியில் எவ்வகைச் செயலும் இல்லை என முடிவு செய்தல் பொருந்தாது. 1990களின் பிற்பகுதியில் வெளியான உயிரணு நிலை ஆய்வுகள், இச்சாறு தீநுண்மி மரபணுவின் படியெடுத்தலைக் குறைப்பதைக் காட்டின. உயிரணுக்களில் செயல் உண்டு. நோயாளியிடம் பயன் உறுதிப்படவில்லை. இவ்விரண்டும் ஒருங்கே உண்மையாக இருப்பது எங்ஙனம்?

இடைவெளியின் காரணங்கள்

முதலாவது, செடியின் அடையாளம். 1987ஆம் ஆண்டுக் கட்டுரை இச்செடியை ஃபில்லாந்தஸ் நிரூரி என்றது. 1988ஆம் ஆண்டுக் கட்டுரை ஃபில்லாந்தஸ் அமாரஸ் என்றது. தாவரவியலார் கிரேடி வெப்ஸ்டர் 1950களில் செய்த வகைப்பாட்டுத் திருத்தத்தின்படி, நிரூரி என்பது அமெரிக்க நிலப்பகுதிக்குரிய இனம். இந்திய நூல்களில் அப்பெயரால் சுட்டப்பட்டவை பெரும்பாலும் அமாரஸ், டெபிலிஸ், ஃபிராட்டெர்னஸ் ஆகிய இனங்களே. தோற்றத்தில் ஒத்த இவ்வினங்களின் வேதியியல் கூறுகள் ஒத்தவையல்ல. ஒரே இனத்திலும் நிலம், பருவம், உலர்த்தும் முறை ஆகியவற்றால் அளவுகள் மாறுபடும்.

இரண்டாவது, செறிவு. கீழாநெல்லியில் ஃபில்லாந்தின், ஹைப்போஃபில்லாந்தின் ஆகிய லிக்னன்களும், ஜெரானியின், கோரிலாஜின் ஆகிய டானின்களும் உள்ளன. டானின்கள் பல்வேறு புரதங்களுடன் எளிதில் பிணையும் இயல்புடையவை. ஆதலின், சோதனைக் குழாயில் ஒரு நொதியை அவை தடுப்பது, அந்நொதியை மட்டும் குறிவைத்துத் தாக்குவதாகப் பொருள்படாது. இதனால்தான் தீநுண்மியைப் பாதியளவு அடக்கும் செறிவும், உயிரணுக்களில் பாதியை அழிக்கும் செறிவும் ஒப்பிடப்படுகின்றன. பின்னதை முன்னதால் வகுத்துப் பெறும் எண் தேர்வுக் குறியீடு எனப்படும். இவ்வெண் சிறியதாயின், அடக்கப்பட்டது தீநுண்மியா உயிரணுவா என்பதே ஐயத்திற்குரியதாகிவிடும்.

மூன்றாவது, உடலின் வழி. ஜெரானியின் போன்ற பெரிய மூலக்கூறுகள் குடலில் சிதைந்து எல்லாஜிக் அமிலமாகவும், குடல் நுண்ணுயிர்களால் யூரோலித்தின்களாகவும் மாறுகின்றன. உயிரணு வளர்ப்புத் தட்டில் சேர்க்கப்பட்ட பொருளும், உண்டபின் கல்லீரலை அடையும் பொருளும் வெவ்வேறு.

வெற்றி பெற்ற சில சான்றுகள்

தாவரவழி முயற்சிகள் அனைத்தும் தோல்வியுற்றன எனக் கொள்ளுதலும் தவறு. பசுந்தேயிலையின் கேட்டிச்சின் கூட்டு, பாப்பிலோமா தீநுண்மியால் தோன்றும் பிறப்புறுப்பு மருக்களுக்குரிய களிம்பாக 2006இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஒப்புதலைப் பெற்றது. இங்கு மருந்து நோயுள்ள இடத்திலேயே பூசப்படுவதால் குடல்வழிச் சிதைவு என்னும் தடை எழவில்லை. மற்றொரு சான்று அன்னாசிப்பூ. அதில் கிடைக்கும் ஷிகிமிக் அமிலத்திலிருந்து இன்ஃபுளுவென்சா மருந்தான ஓசெல்டாமிவிர் உருவாக்கப்பட்டது. ஆயின் ஷிகிமிக் அமிலம் தொடக்கப் பொருளே. பல வேதிவினைகளுக்குப் பின்னரே அது மருந்தாகின்றது. அன்னாசிப்பூக் கசாயத்தை அம்மருந்துக்கு ஈடாகக் கூறுதல் பிழையாகும்.

ஆய்வாளர் கருத்தில் கொள்ள வேண்டுவன

இத்துறையில் எழுதும் ஆய்வாளரும் ஆய்வு நெறியாளரும் நான்கு வினாக்களை எழுப்புதல் நலம். ஆராயப்பட்ட செடியின் இனம் உலர்தாவர மாதிரியுடன் உறுதிசெய்யப்பட்டதா? தேர்வுக் குறியீடு தரப்பட்டுள்ளதா? அச்செறிவு மனிதக் குருதியில் எட்டத் தக்கதா? முடிவு பிற இடங்களில் மீளாய்வு செய்யப்பட்டதா? கணினிவழி மூலக்கூறுப் பொருத்த ஆய்வுகள் பெருகியுள்ள இக்காலத்தில் இவ்வினாக்கள் மேலும் இன்றியமையாதவை. கணினித் திரையில் ஒரு மூலக்கூறு புரதத்துடன் பொருந்துவது கருதுகோளே, அது சான்றன்று.

முடிவுரை

1988ஆம் ஆண்டு முடிவை மட்டும் எடுத்துரைத்து, 1990 முதல் வெளிவந்த மாற்று முடிவுகளை விட்டுவிடும் கட்டுரை, படிப்பவரின் அறிவை மட்டும் பாதிப்பதன்று. நாட்பட்ட கல்லீரல் அழற்சி-பி பெரும்பாலும் அறிகுறியின்றி இருந்து, ஈரல் இறுக்கமாகவும் புற்றுநோயாகவும் முற்றுகின்றது. கண்ணில் மஞ்சள் இல்லை என்பதைக் குணமெனக் கருதி, குருதிச் சோதனையையும் மருந்தையும் கைவிடும் ஒருவர் இழப்பது மீட்க இயலாத காலத்தை. சென்னை ஆய்வு மரபுவழி அறிவை மருந்துப்போலியுடன் ஒப்பிட்டுச் சோதிக்கும் துணிவைக் காட்டியது. பிற நாட்டு ஆய்வுகள் அம்முடிவை மீண்டும் சோதித்தன. இவ்விரண்டையும் ஒருங்கே எடுத்துரைப்பதே கீழாநெல்லிக்கும், அதனை நம்பி உண்பவர்க்கும் ஆய்வுலகம் செய்யத்தக்க நேர்மையான பணியாகும்.