தூங்கும் போனின் தூங்காத காது

பழவேற்காட்டு முகத்துவாரத்தைத் தாண்டித் தொழிலுக்குப் போகும் பைபர் படகில், நனையாமலிருக்கப் பாலித்தீன் பையில் சுற்றிய செல்போன் ஒன்று திரை அணைந்து கிடக்கும். புயல் எச்சரிக்கை வந்தால் அதை எழுப்புவது எப்படி? கூனங்குப்பம், அரங்கன்குப்பம், லைட்ஹவுஸ் குப்பம் மீனவ மக்களுக்கு இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

போனுக்கு முன் கணினியைப் பார்ப்போம். தூங்கும் கணினியைத் தொலைவிலிருந்து எழுப்பும் 'வேக் ஆன் லேன்' நுட்பம் 1990களிலேயே வந்துவிட்டது. பிராசஸரும் ஹார்ட் டிஸ்க்கும் ஓய்ந்த பிறகும் நெட்வொர்க் கார்டுக்கு மட்டும் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். அது எதிர்பார்ப்பது 'மேஜிக் பாக்கெட்' என்ற ஒரே தகவலை. முதலில் எல்லாமே ஒன்றுகளாலான 6 பைட். அடுத்து அந்தக் கார்டின் சொந்த முகவரியான 6 பைட், விடாமல் 16 தடவை. மொத்தம் 102 பைட். இப்படி ஒரு வரிசை வேறு தகவலில் தற்செயலாக அமைவது நடக்காத காரியம். அதைக் கண்டுகொள்ளச் சின்ன சர்க்யூட்டே போதும். முழுக் கணினியும் விழித்திருக்க வேண்டியதில்லை.

கம்பியில் இது சுலபம். வைஃபையில் ரேடியோவைத் திறந்துவைத்துக் கேட்பதே மின்செலவு. அதனால் கார்டு விட்டுவிட்டுத்தான் கேட்கும். அது கண் மூடியிருக்கும் நேரத்தில் வரும் தகவலை ரவுட்டர் பத்திரமாக வைத்திருந்து, விழிக்கும்போது கொடுக்கும்.

செல்போனும் அப்படித்தான். 4ஜி போன் சும்மா கிடக்கையில், பெரும்பாலும் 1.28 நொடிக்கு ஒரு முறை, சில மில்லி நொடிகள் மட்டும் டவரைக் கேட்டுவிட்டு மறுபடி உறங்கிவிடும். 'செல் பிராட்காஸ்ட்' எச்சரிக்கை நுழைவது அந்தக் கணத்தில்தான். 'அபாயச் செய்தி ஒன்று இருக்கிறது' என்று டவர் குறிப்புக் கொடுத்ததும் போன் விழித்து, ஒலிபரப்பாகிக்கொண்டிருக்கும் செய்தியை எடுத்துக்கொள்ளும். யாருடைய எண்ணும் தேவையில்லை. எஸ்எம்எஸ் போல ஆளுக்கு ஒன்றாக அனுப்பும் வேலையும் கிடையாது. ஒரே ஒலிபரப்பு, டவருக்குக் கீழே உள்ள எல்லாப் போன்களுக்கும் சேரும். 2023 அக்டோபர் 20 அன்று தமிழ்நாட்டில் போன்கள் ஒன்றாக அலறியது இதன் சோதனைதான்.

ஆனால் கரையை விட்டு விலக விலக டவர் சிக்னல் தேய்ந்துபோகிறது. கேட்கக் காது இருந்தும் கூப்பிட ஆளில்லை. போதாக்குறைக்கு, சிக்னலைத் தேடித் தேடியே போன் பேட்டரியைத் தீர்த்துவிடும். அங்கே வானத்திலிருந்துதான் கூப்பிட வேண்டும். 2019 அக்டோபரில் ஹைதராபாத்தின் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் சேவை மையமும் இந்திய விமான நிலைய ஆணையமும் 'ஜெமினி' கருவியைக் கொண்டுவந்தன. 'ககன்' என்ற இந்திய வழிகாட்டல் அமைப்பின் செயற்கைக்கோள்கள் வழியே வரும் எச்சரிக்கையை வாங்கி, ப்ளூடூத்தில் போனுக்குக் கொடுப்பது அதன் வேலை. படகிலிருந்து பதில் சொல்ல அதில் வழியில்லை. இஸ்ரோவின் இரண்டாம் தலைமுறை அபாய அறிவிப்புக் கருவி அந்தக் குறையையும் தீர்க்கிறது: படகுக்காரர் உதவி கேட்டால், கேட்டது போய்ச் சேர்ந்தது என்ற பதில் படகுக்கே வரும்.

பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் தளம். ராக்கெட் ஏறும் நாள்களில் கடலுக்குப் போகாதே என்றால் தொழிலை விட்டுவிட்டுக் கரையில் நிற்பவர்கள் இந்தக் குப்பத்து மக்கள். விசைப்படகுகளோடு நின்றுவிடாமல் இவர்களின் சின்னப் பைபர் படகுகளுக்கும் இக்கருவிகள் வந்தாக வேண்டும். அதுவரை, முகத்துவாரம் தாண்டுமுன் வானிலை அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். போன் செட்டிங்ஸில் அவசர எச்சரிக்கைகள் 'ஆன்' ஆகியிருக்கட்டும். சிக்னல் இருக்கும் தூரம் வரை ஃபிளைட் மோட் வேண்டாம். அதில் போட்டால் அந்த 1.28 நொடிக் காதும் அடைந்துவிடும்.