பாசியைப் பிழிவதுதான் பாடு

சேலத்திலிருந்து குப்பனூர் வழியாக ஏற்காடு ஏறுகிறவர்கள், அடிவாரத்தில் வண்டியை நிறுத்தி ஏதாவது ஒரு மாட்டுத் தொட்டியை எட்டிப் பார்க்கலாம். கழுவாத தொட்டி என்றால் தண்ணீர் பச்சை பூத்திருக்கும். கண்ணாடி டம்ளரில் மொண்டு வெயிலில் பிடித்தால் இலையோ இழையோ கண்ணுக்குத் தெரியாது, பச்சைக் கலங்கல்தான். அத்தனையும் நுண்பாசி.

இந்தப் பச்சைக்குள் எண்ணெய் இருக்கிறது. வெயிலையும் கரியமில வாயுவையும் கொண்டு வளரும் நுண்பாசிகளில் சில இனங்களுக்கு, காய்ந்த எடையில் பாதிவரை கொழுப்பு. அதை பயோடீசலாக்கலாம். அமெரிக்க அரசு 1978 முதல் 1996 வரை இதற்கென்றே ஒரு திட்டம் நடத்தியது. எக்ஸான்மொபில் எண்ணெய் நிறுவனம் 2009இல் இதில் இறங்கியது. 2023 தொடக்கத்தில் அதுவும் விலகிய செய்தி வந்தது.

வளர்ப்பது சுலபம். பிழிவதுதான் பாடு.

திறந்த குளத்தில் லிட்டருக்கு அரை கிராம் பாசி இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ காய்ந்த பாசிக்கு 2,000 லிட்டர் தண்ணீரை வடிக்க வேண்டும். அதில் 30 சதவீதம் எண்ணெய் என்றால் கைக்கு வருவது 300 கிராம். துணியில் வடிக்கலாமே என்றால், குளோரெல்லா போன்ற பொடிப் பாசி துணியின் கண் வழியே நழுவிப் போய்விடும். சுருள் சுருளாக நீண்ட ஸ்பைருலினா துணிக்கு மசியும். புதுக்கோட்டைப் பக்கம் ஊனையூரில் பாரி நிறுவனம் வளர்ப்பது அதைத்தான். ஆனால் அதில் எண்ணெய் குறைவு. சத்து மாத்திரையாக நல்ல விலைக்குப் போவதை எரிக்க யாருக்கு மனசு வரும்? இன்னொரு வம்பும் உண்டு. நைட்ரஜன் கொடுக்காமல் பட்டினி போட்டால்தான் பல பாசிகளில் எண்ணெய் சேரும். பட்டினி போட்டால் வளர்ச்சி நின்றுவிடும்.

உலர்த்தாமலே எரிபொருளாக்க வழி இருக்கிறது. சாண எரிவாயுக் கலனில் போடுவதுபோல ஈரப் பாசியைப் போட்டால் மீத்தேன் வரும். கலிபோர்னியாவில் கோலூக்கி, ஆஸ்வால்ட் என்ற ஆய்வாளர்கள் 1957இலேயே இதைச் செய்து பார்த்தார்கள். சேலத்துக்கு இது ஒத்துவரும். குச்சிக்கிழங்கு அரைக்கும் சேகோ மில்கள் பல, கழிவுநீரிலிருந்து ஏற்கெனவே எரிவாயு எடுக்கின்றன. கலனிலிருந்து வெளியேறும் நீரில் மிஞ்சும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் பாசிக்குத் தீனி. விளைந்த பாசி திரும்பக் கலனுக்கே போகும். கழிவுநீரில் பாசி வளர்ப்பது புதிதுமல்ல: ராணிப்பேட்டையில் கடற்பாசியிலிருந்து ஆல்ஜினேட் என்ற பசைப்பொருள் எடுக்கும் ஆலை ஒன்று, தன் அமிலக் கழிவுநீரை நுண்பாசி விட்டே சீராக்கியது.

கலனில் வரும் வாயுவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எரியாத கரியமில வாயு. அதையும் பாசி எடுத்துக்கொண்டால் அடுப்பு நன்றாக எரியும். ஆனால் பகலில்தான் எடுக்கும். பொழுது சாய்ந்ததும் பாசியே கரியமில வாயுவை வெளியே விட ஆரம்பித்துவிடும்.