படகு இறக்கிய லொறியும் அதன் பிறேக்கும்

ஊர்தியொன்றின் சிறப்பை அதன் வேகங்கொண்டு மதிப்பிடுதல் உலக வழக்கு. ஆயினும் அவ்வேகத்தை வேண்டியவிடத்து அடக்கும் ஆற்றல் இல்லையாயின், அவ்வூர்தி பயனற்றது மட்டுமன்று, கேடு விளைப்பதுமாகும். அவ்வாற்றலைத் தருவது பிறேக். வட அமெரிக்கா, அவுஸ்திரேலியா முதலிய நாடுகளிற் படகு வைத்திருப்போர் பலர் அதனை இழுவை வண்டியில் ஏற்றிச் சிறு லொறியிற் பூட்டிக் கரைக்குக் கொண்டுசெல்வர். அங்குள்ள கொங்கிறீற்றுச் சரிவில் லொறியைப் பின்னோக்கிச் செலுத்த, இழுவை வண்டி நீருள் அமிழும். படகு மிதக்கத் தொடங்கும். அவ்வேளையில் லொறியின் பின்சில்லுகளும் பல சமயங்களில் நீருள் இறங்கிவிடுகின்றன. மீண்டு வரும் வழியிற் பிறேக் முன்போலப் பிடியாமை கண்டு சாரதிகள் திகைப்பதுண்டு. அதன் காரணங்கள் யாவை?

பிறேக்கின் தொழில் இயக்கசத்தியை வெப்பமாக மாற்றுதலாகும். படகோடு சேர்த்து 4,000 கிலோகிறாம் திணிவுள்ள லொறியொன்று மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகின்றது என்க. அதன் இயக்கசத்தி ஏறக்குறைய 5,55,000 யூல். இது 30 பாகை வெப்பநிலையிலுள்ள இரண்டு லீற்றர் நீரைக் கொதிநிலைக்கு அண்மையிற் கொண்டுவரப் போதுமானது. ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் இத்துணைச் சத்தியின் பெரும்பகுதி உராய்வினால் வெப்பமாகிப் பிறேக்கின் இரும்பைச் சூடேற்றுகின்றது. ஆகவே பிறேக்கின் உயிர்நிலை உராய்வே. உராய்வைக் கெடுப்பது எதுவோ அது பிறேக்கையும் கெடுக்கும்.

நீர் செய்யும் தீமை மூவகைக் காலத்தில் வெளிப்படும். முதலாவது உடனே தோன்றுவது. சுழலும் இரும்புக்கும் உராய்வுப் பட்டைக்கும் இடையில் நீர் மெல்லிய படலமாக நின்று உராய்வைக் குறைக்கின்றது. வட்டத்தட்டுப் பிறேக்கு வெளியே திறந்திருப்பதால், தட்டுச் சுழலுந்தோறும் நீர் சிதறிப்போகும். எஞ்சியதை உராய்வுத் துண்டுகள் துடைத்துவிடும். டிறம் பிறேக்கின் நிலை வேறு. அங்கு பட்டைகள் மூடிய உருளைக்குள்ளே இருப்பதால், உட்புகுந்த நீர் எளிதில் வெளியேறுவதில்லை. அன்றியும், உருளையின் சுழற்சியே முன்பட்டையை மேலும் இறுக்கி அழுத்தும் இயல்புடையது. அவ்வுதவி உராய்வைப் பொறுத்தது. உராய்வு சிறிது குறையின் உதவியும் குறைந்து, தடுக்கும் வலு பெரிதும் வீழ்கின்றது. ஒரு சில்லு நனைந்து மற்றையது உலர்ந்திருப்பின் லொறி ஒரு பக்கம் இழுக்கவுங் கூடும். பல லொறிகளிற் கைப்பிறேக்கும் பின்சில்லுகளையே பற்றுவதால், நனைந்த சரிவிற் கைப்பிறேக்கை மாத்திரம் நம்பி லொறியை நிறுத்துதல் ஆபத்தானது.

இழுவை வண்டியின் சில்லுத் தாங்கிகளுக்கும் இவ்வேளையில் ஊறு நேரும். நெடுந்தூரம் ஓடிச் சூடேறிய சில்லுக்குடம் குளிர்நீரில் அமிழ்ந்ததும் அதனுள்ளிருக்கும் வளி சுருங்கி அமுக்கம் குறைகின்றது. தேய்ந்த காப்பு வளையத்தினூடாக நீர் உள்ளே இழுக்கப்பட்டுக் கிறீசோடு கலக்கின்றது.

இரண்டாவது தீமை ஓரிரவு கழிந்தபின் தோன்றுவது. ஈரம் உலராமல் லொறியை நிறுத்திவைத்தால் வார்ப்பிரும்பின் மேற்பரப்பில் துருப்படலம் படியும். பட்டை உருளையோடு ஒட்டிக்கொள்ளவுங் கூடும். மறுநாட் காலை சில்லு சுழல மறுப்பதும், சுழன்றபின் முதன் முறை மிதிக்கும்போது பிறேக் திடீரெனக் கவ்வுவதும் இதனாலேயாம்.

மூன்றாவது தீமை ஆண்டுகள் சென்றபின் தோன்றுவது. இதுவே யாவற்றினுங் கொடியது. கடல்நீரில் ஒரு கிலோகிறாமுக்கு ஏறத்தாழ 35 கிறாம் உப்புண்டு. அவ்வுப்பிலுள்ள மகனீசியங் குளோரைட்டு வளியிலிருந்து ஈரத்தை உறிஞ்சுவதாதலின், உலர்ந்ததுபோலத் தோன்றும் இரும்பும் மீண்டும் ஈரமாகின்றது. உப்புநீர் மின்னை நன்கு கடத்துவதால் அரிப்பும் விரைவுறுகின்றது. லொறியின் அடியிற் செல்லும் உருக்குக் குழாய்கள் நாளடைவில் மெலிந்து, ஒருநாட் பிறேக்கை வலிந்து மிதிக்கும்போது உடைகின்றன. உப்பின் இக்கேடு கடற்கரைக்கு மாத்திரம் உரியதன்று. ஐக்கிய அமெரிக்காவிற் பனிக்காலத்து வீதிகளில் உப்புத் தூவுவது வழக்கம். அதனாற் பழைய லொறிகளின் பிறேக் குழாய்கள் அரிக்கப்படுதலை ஆராய்ந்த அந்நாட்டு நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிருவாகம், 2015 ஆம் ஆண்டில், ஊர்திகளின் அடிப்பகுதியைக் கழுவுமாறும் குழாய்களைப் பரிசோதிக்குமாறும் மக்களுக்கு அறிவுறுத்தியது.

படகிறக்கும்போது பிறேக் எண்ணெயினுள் நீர் புகுந்துவிட்டது எனச் சிலர் கருதுவர். அவ்வெண்ணெய் மூடிய குழாய்த்தொகுதியுள் இருப்பதால் ஒருமுறை அமிழ்தலால் அவ்வாறு நேர்தல் அரிது. ஆயினும் அது ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. டொட் 3 என்னும் வகை எண்ணெய் புதிதாயிருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 205 பாகையாக இருத்தல் வேண்டும், சுமார் 3.7 வீதம் நீர் சேர்ந்தபின் அவ்வெல்லை 140 பாகையே. நீண்ட இறக்கத்தில் அது கொதித்து ஆவியானால், ஆவி எளிதில் நெருங்குவதால் மிதி ஆழ இறங்கும், பிறேக் பிடியாது.

பரிகாரங்கள் எளியவை. கரையை அடைந்ததும் சில்லுகள் ஆறும்வரை காத்திருத்தல் வேண்டும். முடிந்தவரை லொறியின் சில்லுகளை நீருள் இறக்காதிருத்தல் நன்று. கரையேறியபின் சமதரையில், பிற ஊர்திகள் இல்லாத இடத்தில், மெதுவாக ஓட்டிக்கொண்டே மிதியை இலேசாக அழுத்தினால், உராய்வின் வெப்பமே நீரை உலர்த்திவிடும். பிறேக் வழக்கம்போலப் பிடிக்கின்றது எனத் தெளிந்த பின்னரே இறக்கமான வீதிக்குச் செல்லல் வேண்டும். வீடு சேர்ந்ததும் சில்லுகளையும் அடிப்பகுதியையும் நன்னீராற் கழுவி, மீண்டும் சிறிது தூரம் ஓட்டி உலர்த்துதல் வேண்டும். குழாய்களை ஆண்டுதோறும் சோதித்தலும், எண்ணெயை உரிய காலத்தில் மாற்றுதலும் இன்றியமையாதன.

சில நிமிடத்திற் பிறேக் சரியாகிவிட்டது கண்டு, யாவும் நீங்கிற்று எனச் சாரதி மகிழ்வது இயல்பே. நீங்கியது நீர் மாத்திரமே. உப்பு அங்கேயே தங்கி ஓயாது தன் தொழிலைச் செய்துகொண்டிருக்கின்றது. கழுவுதற்குச் செலவாகும் சிறுபொழுதைச் சோம்பலாற் கைவிடுவோர், அதன் விலையை ஏதோவொரு மலைச்சரிவில், தம் உயிரோடு பிறர் உயிரையும் சேர்த்துக் கொடுக்க நேரலாம்.