பார்வைப் பறவை

‘பார்வை’ என்றால் கண்ணால் காண்டல் என்பதே இன்றைய மாணவர் அறிந்த பொருள். நற்றிணை 312-ஆம் பாட்டில் வேட்டுவனுக்கு அடையாக அச்சொல் வரும்போது, ‘கூர்ந்து நோக்கும் வேட்டுவன்’ என்று அவர்கள் பொருள் கொண்டுவிடுவது எளிது. அவ்வாறு கொண்டால் அப்பாட்டின் உயிரே போய்விடும்.

பழக்கிய விலங்கையோ பறவையையோ கட்டிவைத்து, அதன் குரலாலும் தோற்றத்தாலும் அதன் இனத்தை அருகில் வரவழைத்துப் பிடிப்பது பழைய வேட்டை முறை. அவ்வாறு கட்டப்படும் உயிருக்கே ‘பார்வை’ என்று பெயர். ‘தீவகம்’ என்றும் சொல்வர். பெரும்பாணாற்றுப்படையில் எயினர் முற்றத்து விளாமரத்தில் கட்டப்பட்டிருப்பதும் இதுவே. தமிழ்நாட்டில் கூண்டுக் கௌதாரியைக் கூவவிட்டுக் காட்டுக் கௌதாரியைப் பிடிக்கும் வழக்கம் பிற்காலத்தும் தொடர்ந்தது.

மலாக்கா மாநிலத் தமிழாசிரியர் இச்சொல்லை விளக்க நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. மலாய் மக்கள் பார்வைப் பறவையை ‘டெனாக்’ என்பர். காட்டுக்கோழி பிடிக்க, பழக்கிய சேவலின் காலில் கயிறு கட்டி நிறுத்திச் சுற்றிலும் கண்ணிகளை நாட்டுவது அவர்களுடைய பழைய முறை. ஜாசின், அலோர்காஜா வட்டாரங்களில் பால்மரக் காடும் செம்பனையும் புதர்க்காட்டோடு சேரும் ஓரங்கள் காட்டுக்கோழிக்கு ஏற்ற இடங்கள்.

பார்வைச் சேவலைத் தேர்ந்தெடுப்பதில் முதன்மையானது குரல். மலாயாக் காட்டுக்கோழி செந்நிற இனம். வீட்டுக்கோழியின் மூதாதை இதுவே. இதன் கூவல் வீட்டுச் சேவலின் கூவலைப் போன்றதே. ஆயினும் குறுகியது, இறுதி அசை சட்டென்று அறுந்து நிற்பது. தென்னிந்தியக் காடுகளில் உள்ளதோ சாம்பல்நிறக் காட்டுக்கோழி. அதன் கூவல் முற்றிலும் வேறு. ஆகவே அங்கே பயன்பட்ட குரல் இங்கே பயன்படாது.

அழைப்பைத் தேர்வதற்கு, பறவை எதற்காக வருகிறது என்று அறிதல் வேண்டும். காட்டுச்சேவல் வருவது சண்டைக்கு. தன் எல்லைக்குள் வேறொரு சேவல் கூவினால் அது பொறாது. ஆதலின் அதற்குச் சேவலே பார்வை. புறா வருவது கூட்டத்தை நாடி. காட்டுப்புறாவை மூங்கிற் குழலால் அழைத்துப் பிடிக்கும் மலாய் முறையை வால்ட்டர் ஸ்கீட் 1900-இல் வெளியிட்ட நூலில் விரித்துரைத்துள்ளார். இலைதழைகளால் அமைத்த குடிலுள் மறைந்திருந்து புறாவின் முனகலைப்போலவே குழலை ஊதுவர்.

அமெரிக்கக் காட்டு வான்கோழி வருவது பெடையைத் தேடி. அந்நாட்டு வேட்டைக்காரர் மரப்பெட்டியின் விளிம்பில் மூடியை உராய்த்தும், சிலேட்டு வட்டில் குச்சியைத் தேய்த்தும், மேலண்ணத்தில் மெல்லிய சவ்வை ஒட்டி ஊதியும் பெடையின் குரலை எழுப்புவர். வான்கோழியின் சிறகெலும்பால் செய்த குழல் அந்நாட்டுப் பழங்குடியினர் கண்ட பழங்கருவி. ஆனால், இயற்கையில் சேவலின் குரல் கேட்டுப் பெடைதான் அதை நாடிச் செல்லும். ஓயாது அழைத்தால், பெடை வந்துவிடும் என்று சேவல் நின்ற இடத்திலேயே காத்திருக்கும். சிறிது அழைத்து, நெடுநேரம் பேசாதிருந்தால்தான் அது தேடிக்கொண்டு வரும். அழைக்கக் கற்பதைவிட அமைதியாயிருக்கக் கற்பது கடினம் என்பது எந்நாட்டு வேட்டைக்கும் பொருந்தும்.

மலேசியாவில் 1972-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2010-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. காட்டுக்கோழி அச்சட்டத்தின் பாதுகாப்புக்கு உட்பட்டது. உரிமமின்றி அதனைப் பிடித்தல் குற்றம். எனவே மாணவர்க்கு இதை வேட்டைப் பாடமாக அன்றிச் சொற்பாடமாகவே கற்பிக்க வேண்டும். விடியற்காலையில் தோட்ட ஓரத்தில் கூவும் இரு சேவல்களின் எதிர்க்குரலைக் கேட்கச் செய்தாலே போதும். பார்வை எவ்வாறு வேலை செய்கிறது என்பது அவர்களுக்கு விளங்கிவிடும்.

இனி நற்றிணைக்கு மீண்டும் வருவோர்க்குப் பாட்டு வேறாகத் தோன்றும். அதனைப் பாடியவர் கழார்க்கீரன் எயிற்றியார். மழை பெய்யும் நள்ளிரவு. ஈர ஈங்கைத் தளிர் உராயச் சிறகு குவித்து வருந்தியிருக்கிறது ஒரு குருகு. அது தன் இனத்தைப் பிடிக்க வேட்டுவன் கட்டிவைத்த பார்வை. அவனோ அதன் துயருக்கு இரங்கிக் கட்டை நீக்குகிறான். அத்தகைய குளிர் யாமத்தில் தலைவி தனித்து என்ன பாடுபடுவாளோ என்று பொருள்தேடச் செல்லும் தலைவன் நெஞ்சு நோகின்றான். தன் பிழைப்புக்குக் கருவியான பறவையிடத்து வேட்டுவனே இரங்குகிறான் என்றால், தலைவியைப் பிரிந்து செல்பவன் எவ்வளவு இரங்க வேண்டும்! ‘கூர்ந்து நோக்கும் வேட்டுவன்’ என்று பொருள் கொள்வோர்க்கு இந்த ஒப்புமை தோன்றாது. ஆதலின் அப்பாட்டை நடத்துமுன் ‘பார்வை’ என்னும் சொல்லுக்குப் பொருள் எழுதிப்போடுவது ஆசிரியரின் முதற்கடமையாகும்.