நாளுக்கும் குணமுண்டு: அஸ்டெக், மாயா புனித நாட்கணக்கு

நாட்காட்டி என்றதும் நம் நினைவுக்கு வருபவை எண்களே. நடு அமெரிக்காவின் அஸ்டெக், மாயா மக்களுக்கோ ஒவ்வொரு நாளும் பெயரும் குணமும் உடைய ஓர் ஆளைப் போன்றது. பருவங்களைக் கணிக்க 365 நாள் ஆண்டு அவர்களிடம் தனியே இருந்தது. பிறப்பு, பெயரிடல், பயணம் ஆகியவற்றுக்கு நாள் பார்க்கப் பயன்பட்ட புனித வட்டம் 260 நாள்களைக் கொண்டது. 2012ஆம் ஆண்டு உலகம் அழியும் எனப் பரபரப்பூட்டியோர் பிடித்துக்கொண்டது இதனையன்று. மாயாக்களின் வேறொரு நீள்கணக்கையே.

அஸ்டெக் வழக்கில் முதலையில் தொடங்கி மலரில் முடியும் 20 அடையாளங்களும், 1 முதல் 13 வரையான எண்களும் இணைந்தே நகர்கின்றன. 'ஒன்று முதலை'க்கு அடுத்தது 'இரண்டு காற்று'. 'பதின்மூன்று நாணல்' கழிந்ததும் எண் திரும்ப, 'ஒன்று ஜாகுவார்' பிறக்கும்.

'இரண்டு முயல்' நாளில் பிறந்தவன் குடிக்கு அடிமையாவான் என்பது நம்பிக்கை. எனினும் அதை மாறா விதியாக அவர்கள் கொள்ளவில்லை. தீய நாளில் குழந்தை பிறந்தால், நாள் கணிப்போர் சில நாள் பொறுத்து, நல்ல நாளொன்றில் நீராட்டிப் பெயரிடச் செய்தனர். இதை நாம் அறிவது 16ஆம் நூற்றாண்டில் அங்கு வாழ்ந்த சாகூன் என்ற பிரான்சிஸ்கன் துறவியின் நூலால். இது நாட்காட்டியே அன்று, வெறும் குறிசொல்லல் என்று அதனைச் சாடியவரும் அவரே! சாடியவரின் பதிவே இன்று நமக்குச் சான்றாக நிற்பது விந்தைதான்.

மாயாக்களின் பதினோராம் நாளையும் காண்போம். குவாத்தமாலாவின் கிச்சே மாயாக்கள் அதனைப் 'பாட்ஸ்' என்பர். குரங்கு, நூல் ஆகிய இரண்டையும் அச்சொல் நினைவூட்டுகிறது. பெயரின் ஒலியை ஒத்த சொற்களைக் கொண்டும் அவர்கள் நாளுக்குப் பொருள் காண்பர். நூலைச் சுற்றும் வினையும் இந்நாளுக்குரிய பொருளாவது அவ்வாறே. அஸ்டெக் கணக்கிலும் பதினோராம் அடையாளம் குரங்குதான். உடன்வரும் எண்ணும் பொருளை மாற்றும்: சிறிய எண் மென்மையானது, பெரிய எண் கடுமையானது, எட்டும் ஒன்பதும் நடுநிலையானவை.

1562இல் யுகாத்தானின் மானி நகரில் தியேகோ தெ லாந்தா என்ற துறவி மாயா நூல்களைத் தீயிலிட்டார். இன்று எஞ்சியுள்ள பழஞ்சுவடிகள் நான்கே. ஆயினும் குவாத்தமாலா மலைநாட்டில் நாள்களை எண்ணுவது நின்றுவிடவில்லை. அங்கே மொமொஸ்தெனாங்கோவில் 260 நாள்களுக்கு ஒருமுறை 'எட்டு பாட்ஸ்' வரும்போது புதிய நாள்காப்போர் இப்பணியை ஏற்கின்றனர்.